இருபத்திரண்டு போர்வைகளுக்குள் வைத்தது

வெட்டிவேர் வாசனை பட்டால் எனக்கு இன்றும் குமட்டும். கோடையில் யார் வீட்டிலாவது பானைத் தண்ணீரில் அதைப் போட்டு மொண்டு கொடுத்தால், தாகமில்லை என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். காரணம் கேட்பவர்களிடம், எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று மட்டும் சொல்வேன். உண்மைக் காரணத்தைச் சொல்வதானால், ஒரு வருஷம் இருபத்திரண்டு பெண்பிள்ளைகளை நான் எதைப் போர்த்திப் படுக்க வைத்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. வேலூரில் டீச்சர் பரீட்சை தேறி, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருந்த ஒரு மிஷன் பள்ளியில் தையலும் கணக்கும் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்திருந்தேன். பள்ளியை ஒட்டியிருந்த பெண்கள் விடுதியும் என் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துரைசானி அம்மா இருந்தார். கடல் தாண்டி வந்து பன்னிரண்டு வருஷமாகியும் வேதப்புத்தகத்தில் இருக்கும் தமிழைத்தான் பேசுவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கோபமே வராதவர்.

அந்த ஊரில் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் தோல் பதனிடும் ஏதாவது ஒரு டேனரியின் மேல் பட்டுத்தான் வரும். ஊறவைத்த ஆவாரம் பட்டை, சுண்ணாம்பு, பச்சைத் தோல் எல்லாம் கலந்த நாற்றம். வந்த புதிதில் நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் தெருவில் நடப்பேன். விடுதிப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் அந்த டேனரிகளில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள். சனிக்கிழமை சாயங்காலம் அப்பாக்கள் பார்க்க வருவார்கள். அவர்களை வராந்தாவில் ஏற விடாமல், வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசிவிட்டுப் போகச் சொல்லியிருந்தேன். அவர்கள் போனதும் பிள்ளைகளைக் கிணற்றடிக்கு அனுப்பிச் சீயக்காய் போட்டுக் கைகால் கழுவிவிட்டு வரச் சொல்வேன். சுத்தம் கற்றுக்கொடுப்பதாக நினைப்பு.

என் தாத்தா அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்தில் செத்த மாட்டை இழுத்துப் போய்த் தோல் உரித்தவர். எங்கள் வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை. அப்பா வேதம் படித்து உபதேசியார் ஆனபின், அந்தக் கிராமத்தின் பெயரைக்கூட வீட்டில் எடுக்க மாட்டார். ஆக, எனக்கு அந்த நாற்றத்தின் மேல் இருந்த அருவருப்பில் பாதி பயம்தான். இது இப்போது தெரிகிறது. அப்போது யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

அந்த வருஷம் ஆவணியில் துரைசானி அம்மாவின் ஊரிலிருந்து ஒரு பெரிய மரப்பெட்டி வந்தது. அங்கே சபைப் பெண்கள் கூடி உட்கார்ந்து, துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக ஒட்டித் தைத்த போர்வை மேல்துணிகள், இருபத்திரண்டு, அதில் இருந்தன. நீலமும் சிவப்பும் சின்னப் பூப்போட்டதுமாக அவ்வளவு அழகு. மேல்துணி மட்டும்தான் வந்திருந்தது. அடித்துணி போட்டு, நடுவில் பஞ்சு பரப்பி, நூலோட்டித் தைப்பது எங்கள் வேலை. மார்கழிக் குளிருக்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, துரைசானி அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "உள்ளே வைப்பதை நீரே தெரிந்தெடும். உமக்கு நல்ல மூக்கு உண்டு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலில் ஆலங்காயத்திலிருந்து ஒரு மூட்டை இலவம் பஞ்சு தருவித்தேன். மெத்தைக்கும் தலையணைக்கும் அதுதான் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு சின்னத் துண்டு தைத்துப் பார்த்ததில், இரண்டு உதறலில் பஞ்சு முழுவதும் ஒரு மூலைக்கு ஓடிவிட்டது. அறையெல்லாம் பறந்து பிள்ளைகள் தும்மினார்கள். என் பால் டம்ளரில் ஒரு பிசிறு மிதந்தது. அதோடு அது போயிற்று. குடியாத்தத்துத் தறிக்காரர் வீட்டிலிருந்து நூல் கழிவு வந்தது. அதில் கஞ்சிப் பசை அப்படியே இருந்தது. ஒரு ராத்திரி மூட்டையை வைத்திருந்ததற்கே எலி வந்து குடைந்து, புழுக்கையைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. மூட்டையை ஒரு குச்சியால் தள்ளித்தான் வெளியே போட்டேன்.

மூன்றாவதாகப் பருத்தி. வில்லும் கட்டையும் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பஞ்சு அடித்துக்கொடுக்கும் ஒரு முஸ்லிம் ஆளைக் கூட்டி வந்தார்கள். முப்பது வயது இருக்கும். தாடியெல்லாம் பஞ்சுப் பிசிறு. வெற்றிலை போட்டுப் போட்டுப் பல் கறுத்திருந்தது. பிடி பஞ்சை எடுத்துக் காட்டும் முன் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். அந்த லுங்கியைப் பார்த்ததும் எனக்கு மேலே எதையும் பார்க்கத் தோன்றவில்லை. பஞ்சில் கொட்டைத்தூளும் காய்ந்த இலைத்தூளும் இருந்தன.

"அழுக்கா இருக்குதே," என்றேன்.

"அடிச்சா தூசு பூரா போய்டும் டீச்சரம்மா. ரஜாய் போர்வைக்கு பருத்தியத் தவிர வேற எதுவும் நிக்காது. கழுவலாம், காய வெக்கலாம், நாலு வருசம் கழிச்சி பிரிச்சி திருப்பி அடிக்கலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நாலாவதாக வந்தவர் ஒரு தரகர். வெள்ளைக் கோட்டு, மடிப்புக் கலையாத வேட்டி, ஷவரம் செய்த முகம். துரைசானி அம்மாவின் ஊரில் பஞ்சைவிட ஆட்டு ரோமம்தான் போர்வைக்கு உசத்தி என்று பேச்சை ஆரம்பித்தார். துரைசானி அம்மாவும் ஆமாம் என்று தலையசைத்தார். தரகர் தன் ஆளிடமிருந்து ஒரு பொட்டலத்தை வாங்கி என் மேஜைமேல் பிரித்தார். வெளுத்த மல்துணி. அதற்குள் வெள்ளையும் பழுப்புமாக, கோதிவிட்ட மாதிரி ரோமம். நடுவில் ஒரு கட்டு வெட்டிவேர். மூக்கருகே கொண்டு போனேன். ஈர மண்ணும் வேரும் கலந்த குளிர்ந்த வாசனை. அந்த ஊருக்கு வந்து எட்டு மாதத்தில் அப்படி ஒரு வாசனையை நான் இழுத்ததே இல்லை.

"எந்த ஊரு ஆட்டோடது?" என்று கேட்டேன்.

"ஏலகிரி மேல மேயற ஆடு அம்மா. வெட்டி எடுத்தது," என்றார்.

அப்போதே சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆறு மூட்டை வந்து இறங்கியது. எல்லாவற்றிலும் வெட்டிவேர், கூடவே கற்பூரம். மூட்டைகள் வராந்தாவில் இருந்த அன்று பஞ்சு அடிப்பவர், கேட்டுப் போகலாம் என்று மறுபடி வந்தார். ஒரு பிடி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னா டீச்சரம்மா, இதையா போடப்போறீங்க? வேணாம்மா. மழ வந்தா பேஜாராப் போய்டும்."

வியாபாரம் போன பொறாமை என்று நினைத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் தையல் வகுப்பில் மூட்டையைப் பிரித்து, பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தேன். அதில் ஒருத்தி, ஏழாம் வகுப்பு, பதினாலு வயது, நூலோட்டுவதில் என்னைவிடக் கை சுத்தம். அவள் அப்பா ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர். அவள் ஒரு கைப்பிடி ரோமத்தை எடுத்தாள், பரப்பப் போனாள், நிறுத்தினாள். அடியிலிருந்து ஒரு இழையை எடுத்து நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது.

"டீச்சர், இது வெட்டுன முடி இல்ல. சுண்ணாம்புல ஊறப்போட்டு, தோல்லேர்ந்து வழிச்செடுத்தது. பாருங்க, வேரோட இருக்குது. எங்கப்பா..."

அவளை முடிக்க விடவில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் கையை மடியில் இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். ஆறு மூட்டை வராந்தாவில் கிடக்கிறது. நல்ல மூக்கு என்று பேர் வாங்கியாயிற்று.

"ஒனக்கு எதை மோந்தாலும் அந்த நாத்தம்தான் தெரியும். பொறந்த எடம் அப்படி," என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு ரோமத்தைப் பரப்ப ஆரம்பித்தாள். மற்றவர்களும் பரப்பினார்கள். அந்த வாக்கியத்தை நான் பிற்பாடு எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் வாயையே கழுவ வேண்டும் போலிருக்கும்.

ஐப்பசி முடிவதற்குள் இருபத்திரண்டும் தைத்து முடிந்தன. தடிமனாக, சீராகத் தையல் ஓடி, கண்ணுக்கு அவ்வளவு நன்றாக இருந்தன. துரைசானி அம்மா ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து எனக்கு ஸ்தோத்திரம் சொன்னார். பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். கற்பூரம் இன்னும் மணத்துக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாத மழை. பிள்ளைகள் படுக்கும் கூடத்தில் ஓடு ஒழுகி, சுவரெல்லாம் நீர் கோத்திருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் கூடத்துக் கதவைத் திறந்தேன். உள்ளே கால் வைக்க முடியவில்லை. அந்த ஊர்த் தெருக்களில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நான் தாண்டி வந்த நாற்றமெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. புழுங்கின கொழுப்பு, சுண்ணாம்பு, அழுகல், எல்லாவற்றுக்கும் மேலே அந்த வெட்டிவேர். வெட்டிவேர் மட்டும் இல்லாமலிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரண்டும் கலந்து தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

பாய்கள் வரிசையாகச் சுருட்டியிருந்தன. போர்வைகள் அத்தனையையும் பிள்ளைகள் ஜன்னல் பக்கத்து மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு பழைய கோணியைப் போட்டு மூடியிருந்தார்கள். இரண்டு ராத்திரியாக அந்தக் குளிரில் வெறும் பாவாடையைக் காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி ஒட்டிப் படுத்திருக்கிறார்கள். என்னிடம் ஒருத்திகூட வந்து சொல்லவில்லை.

மேலாக இருந்த போர்வையை வராந்தாவுக்கு இழுத்து வந்து, கத்தரியால் ஒரு ஓரத்தைப் பிரித்தேன். ரோமம் ஈரத்தில் கட்டி கட்டியாகச் சுருண்டிருந்தது. கட்டிகளுக்குள் நகமளவு தோல் துண்டுகள், மஞ்சளாக, பிசுபிசுவென்று. ஒரு கட்டி அசைந்தது. கூர்ந்து பார்த்தேன். பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் மயிரோடு, அரிசியளவு புழுக்கள். ரோமத்தைத் தின்று ரோமமாகவே ஆனவை போல. போர்வையைப் போட்டுவிட்டு வராந்தா ஓரத்துக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

பிள்ளைகளைக் கூப்பிட்டேன். நாலைந்து பேருக்குக் கழுத்திலும் கையிலும் சிவப்பாகத் தடித்திருந்தது.

"ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

 கடைசியில் அந்த ஏழாம் வகுப்புப் பெண்தான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"சொன்னேனே டீச்சர்."

குடை பிடித்துக்கொண்டு துரைசானி அம்மாவின் வீட்டுக்கு ஓடினேன். அவர் வந்து பார்த்தார். நுனிவிரலால் போர்வையைத் தூக்கினார், முகத்தைத் திருப்பிக்கொண்டார், கையைத் துடைத்தார். பிறகு வழக்கமான மெல்லிய குரலில் சொன்னார்:

"துக்கப்படாதிரும். மழை நின்றபின் வெயிலில் உலர்த்தினால் போதும். இந்தப் பிள்ளைகளுக்கு இது பழகிப்போன வாசனை அல்லவா?"

என் வாக்கியம்தான். சுத்தமான தமிழில், கோபமில்லாமல், தயவோடு சொல்லக் கேட்டேன். அவர் மேல் எனக்கு வந்த அருவருப்பை எப்படிச் சொல்ல? பிள்ளைகள் பக்கத்திலேயே நின்றார்கள், காதில் விழுந்தது. ஆனால் எந்த வாயால் நான் அவரை மறுத்துப் பேசுவேன்? அவருக்கு முன்னாலேயே அதை நான் சொல்லியிருந்தேன், இதைவிடக் கேவலமாக. "சரிங்கம்மா" என்றேன். அப்படியே நின்றேன்.

மழை வெள்ளிக்கிழமை விட்டது. போர்வைகளைக் கொல்லையில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். வெயில் ஏற ஏற நாற்றம் இன்னும் கூடியது. காக்கைகள் வந்து கயிற்றில் உட்கார்ந்து போர்வைகளைக் கொத்தின.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். வழக்கம்போல வேப்பமரத்தடியில் நின்றார். மகள் அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கொல்லைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் இறங்கிப் போனேன். அவ்வளவு பக்கத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. சுண்ணாம்பில் வெந்து வெந்து விரல் நுனியெல்லாம் வெடித்து, நகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகத் தழும்பு இருந்தது.

"அம்மா, இத யாரு வாங்கினது?"

"நான்தான்."

 அவர் பேச்சில் மரியாதை குறையவில்லை.

"கோச்சிக்காதீங்கம்மா. இத நாங்க வூட்டாண்டகூட சேக்க மாட்டோம். வேல வுட்டா நேரா ஆத்துக்குப் போய் குளிச்சிட்டு, வேற துணி கட்டிகினுதான் வூட்டுக்குள்ள கால் வெப்போம். இந்த வாட புள்ள மேல படக்கூடாதுன்னுதான் இங்க கொண்டாந்து வுட்டேன்."

 அவர் மேல் அன்று சவுக்காரத்தின் வாடை மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். நான் அதை முகர்ந்து பார்த்ததே இல்லை.

"இத இன்னா பண்ணலாம்?" என்று கடைசியில் கேட்டேன்.

"தென்னங்குழிக்கு எருவா போடலாம். வேற எதுக்கும் ஆவாது. மூட்ட கட்டி வெய்யுங்க, வர்ற சனிக்கெழம வந்து எடுத்துகினு போறேன்."

அன்றே துரைசானி அம்மாவிடம் போய், எல்லாவற்றையும் பிரிக்கப் போகிறேன், புதுப் பஞ்சுக்கு ஆவதை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். உம்முடைய இஷ்டம் என்றார்.

இருபத்திரண்டையும் நானே பிரித்தேன். பிள்ளைகள் ஒருத்தியையும் கிட்டே விடவில்லை. கொல்லையில் கீழே உட்கார்ந்து, மூக்கின்மேல் துணி கட்டிக்கொண்டு தையலை அறுத்து, ரோமத்தைக் கையால் வழித்து எடுத்தேன். புழு விரலிடுக்கில் நசுங்கும். தோல் துண்டுகள் மேல்துணியின் உட்புறம் ஒட்டிக்கொண்டு வராது, நகத்தால் சுரண்ட வேண்டும். மூன்றாம் போர்வைக்குப் பிறகு வாந்தி எடுக்கவும் வயிற்றில் ஒன்றும் இல்லை. அந்தச் சதுரத் துணிகளைத் தைத்தவர்கள் எங்கோ சுத்தமான கூடத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே தைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் மேலும் எரிச்சல் வந்தது. அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல்தான். பத்து நாள் என் கையிலிருந்து அந்த வாடை போகவில்லை. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது கண்ணை மூடிக்கொள்வேன், மூக்கை என்ன செய்வது? சபையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் பாதி ஜெபத்தில் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அந்தத் தரகரை ஆள்விட்டுத் தேடினோம். அவர் சொல்லியிருந்த தெருவில் அப்படி ஒருவரைத் தெரிந்தவர்களே இல்லை.

பஞ்சு அடிப்பவர் வீட்டுக்கு நானே நடந்து போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சொன்னா கேக்கல இல்ல," என்றார். அவ்வளவுதான். மறுநாள் வில்லோடு வந்துவிட்டார்.

மேல்துணிகளை உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்து மூன்று தடவை வெளுத்திருந்தோம். சிவப்பெல்லாம் சாயம் போய் வெளிறிப்போனது. அவர் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு வாரம் பருத்தியை அடித்தார். நாண் அதிரும் சத்தம் வகுப்பு வரைக்கும் கேட்கும். நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அடித்துப் போட்ட ஒவ்வொரு பஞ்சுப் படலையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். தலைமயிர், புருவமெல்லாம் பிசிறு. மூக்குக்குள் தூசு. அவருக்கு இது பொறுக்கவில்லை.

"ஜாஸ்தி நோண்டாதீங்க டீச்சரம்மா, படலு கிழிஞ்சிடும்," என்று அதட்டினார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

மார்கழி பாதி தாண்டித்தான் போர்வைகள் தயாராயின. ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாலு நாளாக வார்த்தை தேடி வைத்திருந்தேன். எல்லோருக்கும் முன்னால் சொன்னதை எல்லோருக்கும் முன்னால்தானே திருப்பி வாங்க வேண்டும். அவள் முறை வந்தது. "அன்னைக்கு நான் பேசினது தப்பு," என்று ஆரம்பித்தேன்.

அவள் தலையசைத்தாள். கேட்டுக்கொண்டாள் என்பதற்கு மேல் அந்தத் தலையசைப்பில் எனக்கு எதுவும் தெரியவில்லை. போர்வையை வாங்கிக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தாள். தலைமுடியில் செருகியிருந்த ஊசியை எடுத்து, ஒரு மூலைத் தையலை நாலு விரல் நீளத்துக்குப் பிரித்தாள். ஒரு சிட்டிகை பஞ்சை உருவினாள். முகர்ந்து பார்த்தாள். குடத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மறுபடி முகர்ந்து பார்த்தாள். எனக்கு முகமெல்லாம் சூடானது. நான் பத்து நாள் கண்விழித்துத் தைத்தது. ஆனாலும் அவளைத் தடுக்கவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த அடுத்தவளும் தன் போர்வையின் மூலையைப் பிரித்தாள். பிறகு அவளுக்கடுத்தவள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை, பெரியவர்கள் பிரித்துக் கொடுத்தார்கள். குடத்தைச் சுற்றி இருபத்திரண்டு பேரும் குந்திக்கொண்டு, நனைத்த பஞ்சை மூக்கில் வைத்து வைத்துப் பார்த்தார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

நான் உள்ளே போய் நூல் கண்டுகளை எடுத்து வந்தேன். எல்லா மூலைகளையும் திருப்பித் தைத்து முடிப்பதற்குள் மத்தியானச் சோற்று மணி அடித்துவிட்டது.